வாசம் போன குளிர்காலம்

குளிர்காலம் வந்துவிட்டால் பஸ் டெப்போவின் பெரிய கேட் திறப்பதற்கு முன்னாலேயே எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்துவிடும். கேட்டின் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். பஸ் கண்ணாடிகளில் படிந்திருக்கும் உறைபனியை அட்டைத் துண்டால் சுரண்டித் தள்ளிவிட்டு, கைகளை அக்குளில் செருகியபடி டிரைவர்களும் கண்டக்டர்களும் அந்த ஜன்னலுக்கு வருவார்கள். உள்ளேயிருந்து ஆவி பறக்க ஒரு கிண்ணம் நீளும். கம்பளிச் சட்டையை முழங்கைவரை ஏற்றிவிட்ட கை ஒன்று தெரியும். முகம் பாதி நாள் தெரியாது. அது அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரியை டெப்போ மொத்தமும் சூப்பக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். பட்டாணியும் உருளைக்கிழங்கும் குழைய வெந்த சூப் ஒரு நாள், தணலில் சுட்டு மசித்த பூசணி சூப் ஒரு நாள், கோழி எலும்பை விடாமல் கொதிக்கவைத்து மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறு ஒரு நாள். கூடவே வெண்ணெயில் முறுக வாட்டிய ரொட்டி. வாரக் கடைசியில் இனிப்பு: பாலில் வெந்த அரிசிக்கு மேல் சுட்ட சர்க்கரைப் பாகை ஊற்றித் தருவாள். அந்த நாளில் விடுப்பு எடுத்தவன்கூட டெப்போ பக்கம் ஏதோ வேலை இருப்பது போல வந்து நிற்பான்.

வீட்டில் மூன்று பேர். புருஷன் டெப்போவில் டயர் பஞ்சர் ஒட்டுகிறவர். டயர்காரர் என்று பேர். பேச்சு குறைவு, கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. முன் அறையில் அவருடைய அக்கா தையல் மெஷின் போட்டிருந்தாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். டெப்போக்காரர்களின் யூனிபாரத்துக்குப் பட்டன் தைப்பது, தொந்தி வைத்தவனுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது எல்லாம் அவள் வேலை. நாக்கில் நரம்பில்லாதவள் என்று தெருவில் அவளுக்குப் பெயர். போன குளிர்காலத்தில் சூப்பக்கா வைத்த பீன்ஸ் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது குழம்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அன்றைக்கு சூப்பக்கா, "அப்போ நீங்களே வடிச்சுக் கொட்டிக்கங்க அண்ணி" என்றாள். அதிலிருந்து முன் அறையில் தனி ஸ்டவ், தனிச் சட்டி. ஒரே கூரைக்குள் இரண்டு உலை. தேவைக்கு மட்டும் பேச்சு.

இந்த வருஷக் குளிர் தொடங்கும்போதே சூப்பக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். விட்டுப் போனதும் நேராக அடுப்படிக்குப் போனாள். வெண்ணெயை உருக்கிப் பூண்டைப் போட்டாள். பூண்டு பொரிந்தது, சத்தம் கேட்டது, ஓரம் பொன்னிறமானது. வாசம் வரவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். வெந்நீர்.

'சளிதான், போயிடும்' என்று நினைத்துக்கொண்டாள். ஆவி பிடித்தாள். சளி போனது. வாசம் வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சூப்பக்காவுக்கு ருசி தெரியாதாம் என்று ஒருத்தன் வாயில் விழுந்தால் போதும், மறுநாள் ஜன்னலில் ஈ கூட உட்காராது. முன் அறைக்காரி வேறு காத்துக்கொண்டிருக்கிறாள். கை இருக்கிறதே என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷம் போட்ட உப்பு, கைக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் கைக்குத் தெரியத்தான் செய்தது. அப்புறம் கைக்கே சந்தேகம் வந்துவிட்டது. போட்டோமா, போடலையா? போட்டது பத்துமா? பானைக்கு முன்னால் உப்பு டப்பாவோடு நின்று யோசிக்கிற நிலை வந்தது. பெரியவளான பிறகு அவள் அப்படி நின்றதே இல்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். புருஷன் வேலைக்குக் கிளம்புகிறபோது முதல் கிண்ணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, கரண்டியைக் கழுவுகிற சாக்கில் கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு."

அதை நம்பி ஜன்னலைத் திறப்பாள்.

ஒரு நாள் காலை குளிர் எலும்புக்குள் இறங்கியது. முந்தின நாள் எலும்புச் சாறு பாதிப் பானை மிஞ்சியிருந்தது. வெளியே வைத்தால் உறைந்துவிடும் என்று அடுப்போரத்துக் கதகதப்பிலேயே விட்டிருந்தாள். வழக்கமாக அப்படி மிஞ்சினால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் தொடுவாள். அன்று மூடியைத் திறந்தாள், பழக்கத்தில் குனிந்தாள், நிமிர்ந்தாள். தண்ணீர் சேர்த்து, மிளகும் பூண்டும் தாராளமாகத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டாள்.

முன் அறையிலிருந்து மெஷின் சத்தத்துக்கு நடுவில் குரல் வந்தது.

"என்னமோ ஒரு மாதிரி வாசம் வருது."

சூப்பக்காவின் கை நின்றது.

"என்ன மாதிரி?"

"ஊசின மாதிரி. என்னத்தைக் கொதிக்க வச்சிருக்க?"

முன் அறைக்குப் போய் அவள் முன்னால் பானையை நீட்டியிருக்கலாம். ஆனால் நீட்டினால் கேள்வி வரும். உன் மூக்கு எங்கே போச்சு என்பாள்.

"உங்க மூக்குக்கு என் சமையல் என்னைக்கு மணந்திருக்கு அண்ணி?" என்று சொல்லிவிட்டு, புருஷனுக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். அவர் குடித்தார். காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

ஜன்னல் திறந்தது.

மத்தியானம் டெப்போ டைம்கீப்பர் வந்தார். ஜன்னலுக்கு வருகிறவர் அன்றைக்கு வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல கொடுத்தது என்ன?"

"எலும்புச் சாறு. ஏன்?"

"மலை ரூட்டு அண்ணன் இருக்காருல்ல, பாதி ஏத்தத்துல வண்டிய ஓரங்கட்டிட்டாரு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எறங்கினவருதான், எந்திரிக்கவே இல்ல. வாந்தி. பஸ்ஸு நிறைய ஆளு, கைக்குழந்தைங்க வேற. வேற டிரைவர் போய்ச் சேர்ற வரைக்கும் அத்தனை பேரும் அந்தக் குளிர்லயே நின்னிருக்காங்க."

சூப்பக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மலை ரூட்டு டிரைவர் என்றால் அந்த வளைவுப் பாதையில் தலை நரைத்தவர். சளி பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அன்று காலை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். அதுவும் ஞாபகம் வந்தது.

"இப்ப எப்படி இருக்காரு?"

"ஊசி போட்டாச்சு. டிரைவருங்க தங்குற ரூம்ல படுத்திருக்காரு. வளைவுல வண்டி நிக்காமப் போயிருந்தா..." டைம்கீப்பர் முடிக்காமல் விட்டார். பிறகு தயங்கி, "மத்தவங்க ரெண்டு வாய் குடிச்சுட்டு வச்சுட்டாங்களாம். ஒரு மாதிரி இருந்துச்சுன்னு இப்ப சொல்றானுங்க" என்றார்.

"காலைலயே ஏன் யாரும் சொல்லல?"

"உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?"

அவர் போனதும் சூப்பக்கா ஜன்னலைச் சாத்திக் கொண்டி போட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினாள். கொட்டும்போதும் ஒன்றும் வரவில்லை. ஊசிப்போனது என்று ஊரே சொல்கிற சாறு, அவள் மூக்குக்குக் கீழே ஆவி விட்டுக்கொண்டு ஓடியது.

சாயங்காலம் டயர்காரர் வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. அவருக்கு விஷயம் டெப்போவிலேயே தெரிந்துவிட்டது. செருப்பை விட்டுவிட்டு வாசலோரமாகவே நின்றார்.

"காலைல நீங்க குடிச்சீங்கல்ல?"

"ம்."

"நல்லா இருக்குன்னீங்க."

"எனக்கு ஒண்ணும் பண்ணல. ஒரு கிண்ணம்தானே."

"அதைக் கேக்கல. கெட்டுப்போனது தெரியலையா உங்களுக்கு?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். டயர் பசை ஏறிக் கறுத்த விரல்கள்.

"சத்தியமா தெரியல. இந்தப் பசை வாசத்துலயே கிடந்து என் மூக்கு என்னைக்கோ பாதி செத்துப்போச்சு. காரமா இருந்துச்சு, குடிச்சேன்."

"அப்போ உப்பு? நேத்து உப்பு எப்படி இருந்துச்சு?"

அவர் விரலில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார்.

"சொல்லுங்க."

"கொஞ்ச நாளா கூடத்தான் இருந்துச்சு. ஒரு நாள் சுத்தமா இல்ல. காய்ச்சல்ல எந்திரிச்சவ, ஓடியாடி வேலை பாக்குற. உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்லச் சொல்ற?"

சூப்பக்கா அடுப்புத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க வார்த்தைய நம்பித்தான நான் ஜன்னலத் தொறந்தேன். எனக்கு வாசம் தெரியலங்க. ருசியும் தெரியல. காய்ச்சல் வந்ததுலேருந்து தெரியல. அதுக்குத்தான் தினமும் உங்களைக் கேட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட சொல்லலையே நீ?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அப்புறம் அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்போ இத்தனை வருஷமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்களே. அதெல்லாம்?"

அவர் பதில் தேடினார். "நீ முன்னாடி உக்காந்து ஊத்துவ. நான் குடிப்பேன். அது நல்லா இருக்கும். வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

முன் அறையில் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. நாத்தனார் சமையலறை வாசலில் நின்றாள். தோளில் இஞ்ச் டேப். போன குளிர்காலத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டி அவள் வந்ததில்லை. நேராக வந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள், இரண்டாக வெட்டினாள், தம்பி பொண்டாட்டியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"மோந்து பாரு."

கண்ணில் நீர் கட்டியது. "எரியுது. வாசம் இல்ல."

"எத்தனை நாளா?"

"அதான் சொன்னேனே அண்ணி, காய்ச்சலுக்கு அப்புறம்."

"நான்தான் காலைலயே சொன்னேனே, ஊசின வாசம்னு."

"சொன்னீங்க. நீங்க எதைத்தான் சொல்லாம விட்டீங்க? பீன்ஸைச் சொன்னீங்க, பூசணியைச் சொன்னீங்க. இதையும் அது மாதிரின்னு நினைச்சேன்."

நாத்தனார் வெங்காயத்தைப் பலகையில் வைத்துவிட்டு முன் அறைக்குப் போனாள். வெகுநேரம் மெஷின் ஓடவில்லை.

மறுநாள் டயர்காரர் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். சில பேருக்கு ஒரு மாசத்தில் திரும்பும், சில பேருக்கு வருஷமாகும், சில பேருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு என்றார். காத்திருப்பதுதான் மருந்து என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் உறைபனி. அவள் வழுக்கிவிடாமல் இருக்க அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் விடச் சொல்லவில்லை.

ஜன்னல் சாத்தியே கிடந்தது. காலையில் யாராவது வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிற காலடி கேட்கும். ஒருத்தன் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, வெறும் சுடுதண்ணியாவது குடுங்க" என்றான். அவள் எழுந்து போகவில்லை. வீட்டில் ரொட்டியும் பாலும்தான் சாப்பாடு. ரொட்டி வாயில் பஞ்சு மாதிரி உருண்டது. பசியே எடுக்கவில்லை. அடுப்பில்லாத சமையலறை வீட்டிலேயே குளிரான இடமாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பிடித்தது.

மூன்று நான்கு நாள் இப்படிப் போனது. ஒரு காலை டயர்காரர் வேலைக்குப் போனதும், நாத்தனார் கையில் ஒரு பூசணித் துண்டோடு வந்தாள்.

"அடுப்பைப் பத்த வை."

"வேண்டாம் அண்ணி."

"நான் உனக்காகச் சொல்லல. எனக்கு விரல் விறைச்சு ஊசி பிடிக்க வரல. பத்த வைன்னா பத்த வை."

சூப்பக்கா குச்சியைக் கிழித்தாள். பட்டாணியை உலையில் போட்டாள். உருளைக்கிழங்கைத் தோல் சீவினாள். பூசணியைத் தணலில் புரட்டி வாட்டி அதோடு சேர்த்தாள். கைக்கு வேலை மறக்கவில்லை. உப்பு டப்பாவை எடுத்தபோதுதான் நின்றுவிட்டாள்.

"போடு."

"எவ்வளவு?"

"நீ போடு, நான் சொல்றேன்." நாத்தனார் கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "சப்புனு இருக்கு. இன்னும் போடு. ஐயோ, நாக்கு வெந்துபோச்சு. இன்னும். நில்லு, நில்லு! போதும்."

"போதுமா, அதிகமா?"

"போதும்னா போதும். மிளகு எங்க? இது மிளகா, கரித்தூளா? பழசு. புதுசா இடி."

"அது நல்ல மிளகுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வார்த்தை விழுந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சூப்பக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

பால் சோற்றுக்குச் சர்க்கரையைச் சுட்டபோது இன்னொரு ரகளை. இரும்புச் சட்டியில் சர்க்கரை உருகித் தேன் நிறத்துக்கு வந்தது. சூப்பக்கா நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இறக்கு! கருகுது."

"இன்னும் சிவக்கணும் அண்ணி."

"எனக்கு மணக்குது, இறக்குடி!"

இறக்கி, பாகு இறுகாமல் இருக்கக் கொஞ்சம் பாலை ஊற்றினாள். சட்டி சீறியது. நாத்தனார் ஆறவிட்டு விரலால் தொட்டு நக்கினாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் சூப்பக்கா.

"ஓரத்துல ஒரு கசப்பு இருக்கு. அந்தக் கசப்பு இருந்தாத்தான் இனிப்பு திகட்டாது. அது சரியா விழுந்திருக்கு." பிறகு, சொல்ல விருப்பமில்லாதவள் போல, "முன்னெல்லாமும் சரியாத்தான் விழும்" என்றாள்.

"ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நீ என்னைக் கேட்டியா? அவனைத்தான் கேட்ட."

சூப்பையும் பால் சோற்றையும் தூக்குப் பாத்திரங்களில் ஊற்றித் துணி சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள். டெப்போவுக்குள் டிரைவர்கள் தங்கும் அறை ஒரு நீள அறை. வரிசையாக இரும்புக் கட்டில்கள், கொடியில் காயும் சாக்ஸ்கள், நடுவில் ஒரு ஹீட்டர். மலை ரூட்டு டிரைவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாதி வழியில் வண்டியை நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு மேலேயிருந்து மெமோ வந்திருந்தது. மற்ற கட்டில்களில் ஷிப்ட் முடிந்த நாலைந்து பேர். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

சூப்பக்கா பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்குக் கொடுத்தது கெட்டுப்போன சாறு. எனக்கு வாசமும் தெரியல, ருசியும் தெரியல. காய்ச்சல்ல போயிடுச்சு. யாருகிட்டயும் சொல்லாம மறைச்சுட்டேன். இவங்க வாசம் வருதுன்னு சொன்னாங்க, அதையும் கேக்கல. உங்க உயிரோட, அந்த வண்டியில இருந்தவங்க உயிரோட விளையாடிட்டேன்."

மலை ரூட்டு டிரைவர் போர்வையை விலக்கி நிமிர்ந்தார்.

"வளைவுக்கு முன்னாடியே கண்ணு இருட்டிருச்சும்மா," என்றார் டிரைவர். "எப்படி ஓரங்கட்டினேன்னு எனக்கே தெரியல. இன்னும் கண்ணை மூடினா அந்த வளைவுதான் வருது."

"மேலே போய் நான் சொல்றேண்ணே. தப்பு உங்களது இல்லைன்னு எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கிறேன்."

"எழுதிக் கொடுத்தா உன் ஜன்னலை மூடிருவாங்க."

"மூடட்டும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு பாத்திரத்தைப் பார்த்தார். "அதுல என்ன?"

"பட்டாணி சூப்பு. பால் சோறு. வேணாம்னா திருப்பிக் கொண்டு போறேன். பயமாத்தான் இருக்கும்." அவசரமாக மூடியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். "முதல்ல நானே குடிக்கிறேன்."

"நீ குடிச்சு என்ன பிரயோசனம்? உனக்குத்தான் தெரியாதே."

அடுத்த கட்டிலில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். நாத்தனார் கிண்ணத்தைப் பிடுங்கி, நின்றபடியே அரைக் கிண்ணம் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே வாயில வச்சுப் பாத்துட்டேன். என் வாயைப் பத்தி உங்க எல்லாருக்கும் தெரியும்."

தெரியும்தான். டெப்போவில் அந்த வாய்க்கு அகப்படாதவர் இல்லை. மலை ரூட்டு டிரைவர் கையை நீட்டினார்.

சூப்பக்கா இத்தனை வருஷத்தில் டெப்போக்காரர் ஒருவர் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜன்னலில் கிண்ணம் கை மாறியதும் அடுப்புக்குத் திரும்பிவிடுவாள். இப்போது கட்டிலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஊதினார். ஆவியில் கண் சுருங்கியது. முதல் வாயை விழுங்காமல் கொஞ்சம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். இரண்டாவது வாய். கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது.

"எப்படிண்ணே இருக்கு?"

அவர் யோசித்தார். பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சரியான வார்த்தை எங்காவது கிடைக்குமா என்று சூப்புக்குள்ளேயே பார்த்தார்.

"சூடா இருக்கும்மா," என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. "இதைச் சொல்லவா நான் காலைலேருந்து நாக்கை வேக வச்சேன்?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

சூப்பக்கா பாத்திரத்தில் மிஞ்சியதை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினாள். குளிரில் மரத்த விரல்களால் அதை அணைத்துப் பிடித்து ஒரு வாய் குடித்தாள். தொண்டை வழியாக இறங்கி நெஞ்சுக்குள் பரவுவது தெரிந்தது.

"ஆமாண்ணே," என்றாள். "அது எனக்கும் தெரியுது."